கமிட்டி போட்டால் காடு பிழைக்குமா?

"அதற்கு ஒரு கமிட்டி போட்டுவிட்டார்களாம்" என்று வீட்டில் யாராவது செய்தித்தாளைப் பார்த்துச் சொன்னால் உடனே ஒரு சிரிப்பு எழும். கமிட்டி போட்டாயிற்று என்றால் காரியம் கிடப்பில் விழுந்தாயிற்று என்பது நம் பெரியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நீலகிரி மலையின் தென்மேற்குச் சரிவில் ஒரு மழைக்காடு இன்றும் பசுமை மாறாமல் நிற்கிறது. அது நிற்பதற்குக் காரணமானவற்றுள் சில குழுக்களும் அவை எழுதிக் கொடுத்த அறிக்கைகளும் உண்டு. ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் சிறிதும் இல்லாத ஒரு குழு, அதிகாரம் படைத்த அமைப்புக்கு எப்படித் துணை நிற்கிறது? எங்கே துணை நிற்கத் தவறுகிறது? இதையே இக்கட்டுரையில் காண முயல்வோம்.

நமக்குப் பழக்கமானதிலிருந்து தொடங்கலாம். நம் பள்ளியில் விளையாட்டு விழா நடத்த முடிவு செய்கிறவர் தலைமைச் சகோதரி. ஆனால் விழாவுக்கு முன் விளையாட்டுக் குழு கூடுகிறது. "மைதானத்தின் கிழக்குப் பக்கம் மழைநீர் தேங்கியிருக்கிறது; இரண்டு நாள் தள்ளிவைப்பது நல்லது" என்று அக்குழு எழுதிக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். சகோதரி அதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். முடிவு அவருடையதே. ஆனால் அந்தத் தாள் மேசைமேல் வந்து உட்கார்ந்த பிறகு, "எனக்குத் தெரியாது" என்று ஒருவரும் சொல்ல இயலாது. ஒரு குழுவின் பலம் பெரும்பாலும் இவ்வளவுதான். அது சிறிய பலமும் அன்று.

இனி நாட்டுக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் மனிதச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசக் கூடின. நம் பிரதமர் திருமதி இந்திரா காந்தி அங்கு சென்று உரையாற்றினார். அதே ஆண்டில்தான் இந்திய அரசு, சுற்றுச்சூழல் திட்டமிடலுக்கும் ஒருங்கிணைப்புக்குமான தேசியக் குழுவை அமைத்தது. அப்போது தில்லியில் சுற்றுச்சூழலுக்கென்று தனி அமைச்சகம் கிடையாது. தனித் துறைகூட இல்லை. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிழலில் இருந்துகொண்டு, அணை கட்டுகிறவர்களையும் ஆலை கட்டுகிறவர்களையும் பார்த்து, "இதனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேட்பதே அக்குழுவின் வேலையாக இருந்தது. கேட்கலாம், தடுக்க முடியாது.

இந்தக் குழுவின் முன்னால் வந்த வழக்குகளுள் பெரியது அமைதிப் பள்ளத்தாக்கு.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் மண்ணார்க்காட்டுக்கு வடக்கே உள்ள காடு அது. அங்குள்ள மக்கள் சைரந்திரி வனம் என்பர். சைரந்திரி என்பது விராட மன்னனின் அரண்மனையில் பணிப்பெண்ணாக இருந்தபோது பாஞ்சாலி பூண்ட பெயர். காட்டின் நடுவே ஓடும் ஆற்றுக்குப் பாண்டவரின் தாய் பெயரால் குந்திப்புழை என்று பெயர். சிள்வண்டின் ஓசை கேட்காததால் ஆங்கிலேயர் அமைதிப் பள்ளத்தாக்கு எனப் பெயரிட்டனர் என்று சொல்லப்படுவதுண்டு. பெயர்க் கதை எப்படியிருந்தாலும், ஆறு ஒடுங்கிய பாறை இடுக்கு வழியே கீழே பாய்கிற இடம் அணைக்கு வெகு பொருத்தம் என்று 1928-லேயே கண்டுவைத்திருந்தார்கள். பின்னர் கேரள மின்வாரியம் அங்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றைத் தீட்டியது. 1973-ல் திட்டக்குழு அதற்கு இசைவு தந்தது.

மின்வாரியத்தை வில்லனாக எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் மலபார்ப் பகுதி மின்சாரத்திலும் தொழிலிலும் பின்தங்கிக் கிடந்தது. மலப்புரம், பாலக்காடு மாவட்டங்களில் சுமார் 10,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனமும் கிடைக்கும் என்றார்கள். விளக்கெரியாத வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு மின்சாரம் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே. நீரில் மூழ்கப் போவதோ சுமார் 830 ஹெக்டேர்; அதாவது அந்தக் காட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. "இவ்வளவு சிறிய இடத்துக்கா இத்தனை ஆரவாரம்?" என்று அவர்கள் கேட்டதில் வியப்பில்லை.

இங்கேதான் அறிந்தவர்களின் துணை தேவைப்பட்டது. காட்டில் எல்லா ஏக்கரும் ஒன்றுபோல் அல்ல. மூழ்கப் போவது ஆற்றங்கரையை ஒட்டிய பள்ளத்தாக்கின் அடிப்பகுதி. உயிர்வளம் மிகுந்த இடம். சிங்கவால் குரங்கு என்றொரு விலங்கு உண்டு. கரிய உடலும் முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியும் கொண்ட அது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. வெடிப்பலா முதலிய மரங்களின் காய்கனிகளை உண்டு, மரத்துக்கு மரம் தாவியே அது காலம் கழிக்கிறது. தரைக்கு வருவது அரிது. கிளையோடு கிளை கோத்துச் செல்லும் அந்தப் பசும் பாதை நடுவில் அறுந்தால் குரங்குக் கூட்டம் இரண்டாகப் பிரிந்துபோகும். 830 என்ற எண்ணைப் பார்க்கிறவருக்கு இது தெரியாது. காட்டில் நடந்தவருக்கே தெரியும்.

1976-ல் தேசியக் குழு ஒரு பணிக்குழுவை அமைத்தது. பறவைகளை நேசித்த இயற்கை ஆய்வாளர் ஜாபர் புத்தேஹல்லி அதன் தலைவர். பணிக்குழு ஆராய்ந்து, திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்று எழுதியது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுதியது: கைவிட இயலாதென்றால், இன்னின்ன 17 பாதுகாப்பு நிபந்தனைகளையேனும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அது.

தோழியரே, இந்தக் கதை முழுவதிலும் நாங்கள் மிகவும் நின்று யோசித்த இடம் இதுவே. நல்ல எண்ணத்தோடுதான் அந்த வரியை எழுதியிருப்பார்கள். அணை வந்தே தீரும் என்றால் சேதத்தையாவது குறைப்போமே என்ற எண்ணம். ஆனால் நடந்தது என்ன? "கைவிடுக" என்ற முதல் பரிந்துரையைக் கேரள அரசு ஒருபுறம் வைத்துவிட்டு, இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டது. நிபந்தனைகளை எல்லாம் நிறைவேற்றுகிறோம் என்று வாக்களித்தது. 1978-ல் மத்திய அரசும் அந்த அடிப்படையில் இசைந்தது. 1979-ல் சூழல் சமநிலையைக் காக்க என்று ஒரு சட்டமும் கேரளத்தில் இயற்றப்பட்டது. அணை கட்டுவதற்காகவே இயற்றப்பட்ட ஒரு பாதுகாப்புச் சட்டம்! குழுவின் அறிக்கையில் "அப்படி முடியாவிட்டால்" என்ற சிறு கதவு திறந்திருந்தது. அதன் வழியே ஓர் அணை முழுவதும் உள்ளே வரப் பார்த்தது.

வராமல் தடுத்தவர்களில் பலர் எந்த அரசுக் குழுவிலும் இல்லாதவர்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் அமைப்பு தானே ஐவரைக் கொண்ட ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. அவர்களுள் தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் ஒருவர். பொறியியல் தெரிந்தவரும் பொருளியல் தெரிந்தவரும் உடன் இருந்தனர். காட்டைக் காக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாமல், மலபாருக்கு வேண்டிய மின்சாரத்தை வேறு வழியில் எப்படித் தரலாம் என்றும் கணக்கிட்டு 1979-ல் அச்சிட்டு வெளியிட்டனர். அதனால் அவர்களது பேச்சுக்கு எடை கூடியது. கவிஞர் சுகதகுமாரி போன்றோர் கவிதையாலும் மேடைப் பேச்சாலும் ஊரை எழுப்பினர். பறவையியல் அறிஞர் சலீம் அலி அரசுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

அதே 1979-ல் மத்திய வேளாண்மைத் துறைச் செயலாளராக இருந்த டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் அவர்கள், நம் கும்பகோணத்தில் பிறந்தவர், அங்கு சென்று பார்த்துவிட்டு ஓர் அறிக்கை அளித்தார். அமைதிப் பள்ளத்தாக்கின் 89.52 சதுர கிலோமீட்டரோடு, கேரளத்தின் புதிய அமரம்பலம், அட்டப்பாடிக் காடுகளையும் தமிழ்நாட்டின் குந்தா காட்டையும் சேர்த்து, 389.52 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு தேசிய மழைக்காட்டு உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கலாம் என்றார். கேள்வியின் உருவமே இதனால் மாறியது. "830 ஹெக்டேர் போனால் என்ன?" என்ற இடத்தில், "மாநில எல்லை பாராமல் கிடக்கும் இந்தப் பெருங்காட்டின் நெஞ்சில் கை வைக்கலாமா?" என்ற கேள்வி வந்து நின்றது.

கடைசியில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. தலைவர் இயற்பியல் அறிஞர் எம்.ஜி.கே. மேனன். சூழலியலாளர் மாதவ் காட்கில் உறுப்பினருள் ஒருவர். 1983-ன் தொடக்கத்தில் அறிக்கை வந்தது. அதைப் படித்த பிரதமர் திட்டத்தைக் கைவிட முடிவு செய்தார். 1984-ஆம் ஆண்டு நவம்பர் 15-ல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று. முடிவெடுத்த அம்மையார் அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, அக்டோபர் 31-ல், சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவருடைய மகன் ராஜீவ் காந்தி 1985 செப்டம்பர் 7-ல் பூங்காவைத் திறந்து வைத்தார்.

இந்த இடத்தில் இன்னொரு பெண்மணியை நினைவுகூராமல் செல்ல மனம் வரவில்லை. நம்மைப் போலவே கன்னியர் மடப் பள்ளி ஒன்றில் படித்தவர் அவர். 1897-ல் தலைச்சேரியில் பிறந்து, அங்குள்ள திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியிலும், பின் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற இ.கே. ஜானகி அம்மாள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945-ல் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து ஒரு பெருநூல் வெளியிட்டார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எண்பது வயதை எட்டிய காலத்தில், அமைதிப் பள்ளத்தாக்கின் தாவரங்களுடைய குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இறங்கினார். காடு மூழ்கினால் அங்கு என்னென்ன இருந்தன என்ற செய்தியும் அதோடு மூழ்கிவிடுமே என்ற கவலை. 1984 பிப்ரவரி 7-ல் சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அவர் உயிர் பிரிந்தது. காடு பூங்காவானதைப் பார்க்க அவருக்கு இன்னும் ஒன்பது மாதம் தேவைப்பட்டது.

குழுவின் மேசையில் ஒரு வரி எழுதப்பட வேண்டுமானால், அதற்கு முன் யாராவது அட்டை கடிக்க அட்டை கடிக்கக் காட்டில் நடந்து, இலை பறித்து, பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா? குழு அறிவைப் படைப்பதில்லை. கிடைத்த அறிவை அதிகாரத்தின் காதில் போடுகிறது.

இத்தனையும் நடந்தபோது, குழு என்ன சொன்னாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்ற சட்டம் ஏதும் இல்லை. ஒரு பிரதமரின் மனமே காட்டைக் காத்தது என்றும் சொல்லலாம். வேறொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால்? இந்தக் குறையைப் போக்கவே பின்னாளில் விதிகள் வந்தன. 1980 நவம்பரில் சுற்றுச்சூழல் துறை பிறந்தது. 1985-ல் அது அமைச்சகம் ஆனது. 1994-ல் முதன்முறையாகவும், 2006 செப்டம்பர் 14-ல் விரிவாகவும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைகள் வெளிவந்தன. பட்டியலில் உள்ள தொழிலோ சுரங்கமோ அணையோ தொடங்குமுன் அனுமதி பெற்றாக வேண்டும் என்று அவை சட்டமாக்கின.

பெரிய அணை, அணுமின் நிலையம் போன்றவை தில்லிக்குச் செல்லும். மற்றவற்றுள் பலவும், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் கட்டடங்களும், மாநிலத்திலேயே பார்க்கப்படும். அதற்காக நம் தமிழ்நாட்டிலும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் இருக்கிறது. அதில் மூவரே உறுப்பினர். மூன்று பேருக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சாயப்பட்டறைக் கழிவும் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஒன்றாகத் தெரிந்திருக்க முடியுமா? ஆகவே துணைக்கு வல்லுநர் மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று. பதினைந்து பேருக்கு மேற்படாமல், காடும் வனவிலங்கும் அறிந்தவர், நீரும் காற்றும் அளக்கத் தெரிந்தவர், விபத்து அபாயம் கணக்கிடுபவர், பொருளியல் படித்தவர் என்று பலரும் அதில் இருப்பர். திட்டக்காரரை முன்னால் வரவழைத்துக் கேள்வி கேட்பார்கள். ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து இடத்துக்கே போய்ப் பார்க்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பார்த்தபின், அனுமதி கொடுக்கலாம், இன்னின்ன நிபந்தனைகளோடு கொடுக்கலாம், அல்லது கொடுக்க வேண்டாம் என்று காரணத்துடன் எழுத வேண்டும். இதற்கு அறுபது நாள். அதற்குமேல் நாற்பத்தைந்து நாளில் ஆணையம் தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு மிகவும் பிடித்த விதி அடுத்து வருவது. ஆணையம் பொதுவாகக் குழுவின் பரிந்துரையை ஏற்க வேண்டும். ஏற்க மனமில்லையானால், ஏன் என்று காரணம் எழுதிக் குழுவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். குழு மீண்டும் ஆராய்ந்து சொல்லும். அதன் பின்னரே ஆணையத்தின் முடிவு இறுதியாகும். 1978-ல் இப்படி ஒரு விதி இருந்திருந்தால், "கைவிடுக" என்ற வரியை ஒதுக்கியதற்கு யாராவது உட்கார்ந்து காரணம் எழுதியிருக்க வேண்டியிருக்கும்.

விதி நன்றாக இருப்பதால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. குழுவின் முன் வைக்கப்படும் மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிப்பவர், திட்டக்காரரே கூலி கொடுத்து அமர்த்தும் ஆலோசகர். பரீட்சை எழுதும் மாணவியே திருத்துகிறவருக்கும் சம்பளம் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. மேலும், ஒரு குழுவின் சொல் கசந்தால் இன்னொரு குழுவை நாடும் வழக்கமும் நம் நாட்டில் போய்விடவில்லை. மேனன் குழுவில் இருந்த அதே மாதவ் காட்கில் தலைமையில் 2010-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு வல்லுநர் குழு அமைந்தது. அக்குழு 2011-ல் மலை முழுவதையும் மூன்று தரமாகப் பிரித்துக் காக்கச் சொன்னது. எதிர்ப்பு எழவே, 2012-ல் கஸ்தூரிரங்கன் தலைமையில் மற்றொரு குழு. அது 2013-ல் 37 விழுக்காடு பரப்பைக் காத்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வயது எங்களுக்கு இல்லை. ஆனால் இரண்டு அறிக்கைகளும் அச்சில் இருப்பதால், மலையில் நிலச்சரிவு ஏற்படும்போதெல்லாம் மக்கள் அவற்றைத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட அறிக்கையும் செத்துப்போவதில்லை போலும்.

இனி, பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. வல்லுநர் குழு கூடுவதற்கு முன்பே, பெரும்பாலான பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. (கட்டடத் திட்டங்களுக்கு இது கிடையாது, சுரங்கம், ஆலை முதலியவற்றுக்கே.) மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அதிகாரியோ தலைமை வகிப்பார். குறைந்தது முப்பது நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். அதில் ஒன்று தமிழ்த் தாளாக இருக்கும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் வைக்கப்பட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டமே. யாரும் வராவிட்டால், ஊருக்கு ஆட்சேபம் இல்லை என்று எண்ணிக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

நம் வீடுகளில் அந்த அறிவிப்பு வந்த செய்தித்தாள் பல சமயம் மாவு சலிக்க விரிக்கப்படுகிறது அல்லது பழைய தாள்காரரிடம் போய்விடுகிறது. கூட்டத்துக்குச் செல்கிறவர்களும் அநேகமாக ஆண்களாகவே இருக்கிறார்கள். ஆனால் எந்த மாதத்தில் கிணறு வற்றுகிறது, எந்தத் தெருக் குழாயில் நிறம் மாறி வருகிறது, எந்த வீட்டுப் பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை என்பதெல்லாம் நம் அம்மாக்களுக்குத்தான் தெரியும். ஆலோசகர் இரண்டு நாள் வந்து தண்ணீர் எடுத்துப்போய் அளப்பதைவிட, இருபது வருடம் அதே கிணற்றில் வாளி போட்டவரின் சாட்சியம் எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. நாள், இடம், அளவு ஆகியவற்றோடு சொன்னால் அதன் மதிப்பு இன்னும் கூடும். "எங்கள் தண்ணீர் கெட்டுவிடும்" என்பதைவிட, "சித்திரையில் பதினெட்டு அடியில் இருந்த நீர் இப்போது முப்பதில் இருக்கிறது" என்பது வல்லுநர் குழுவைக் கேள்வி கேட்க வைக்கும். படிக்கத் தெரிந்த மகள் வீட்டில் இருந்தால் அதை ஒரு நோட்டில் மாதாமாதம் குறித்துவைப்பது பெரிய வேலையும் இல்லை.

கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாகும். முடியும் தறுவாயில், நடந்தவற்றைக் குறிப்பாக எழுதி, அன்றே, அங்கேயே, மக்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே தலைமை வகித்தவர் கையெழுத்திடுவார். பேசியவர்களில் பலர் அதற்குள் பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். இருந்து கேட்க வேண்டும். நாம் சொன்ன முப்பது அடி குறிப்பில் இல்லையென்றால் எழுந்து சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வல்லுநர் குழுவின் மேசைக்குப் போவது அந்தக் குறிப்பே.